திறந்த பானெட்டுக்கு நிற்காதே

செப்டம்பர் 3, திங்கள்

இந்த நோட்டைப் புஷ்ரா மேடம் கொடுத்தது, பயணிகளுக்கு நேரும் சம்பவங்களைப் பதிவு செய்ய. சம்பவம் எதுவும் நேராமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். நேராததை எப்படிப் பதிவு செய்வது? ஆகவே நோட்டு இனி என் சொந்த உபயோகத்துக்கு. கம்பெனிச் சொத்தைச் சுருட்டிய முதல் சம்பவமாக இதையே எழுதிக்கொள்ளலாம்.

முதல் பக்கத்தில் பெயர், வயது, முன் அனுபவம் என்று அச்சடித்திருக்கிறது. ஸைத். நாற்பத்து நான்கு. முன் அனுபவம்: பதினோரு வருடப் பித்தலாட்டம்.

மச்சான் ஹம்முவும் நானும் சேர்ந்து செய்த தொழில். வர்ஸாஸாத் நகரத்திலிருந்து எங்கள் ஊர் அக்தெஸுக்கு வரும் மலைக் கணவாயில் காரை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கை காட்டுவோம். இரக்கப்பட்டு நிற்கும் வெளிநாட்டுக்காரரிடம் ஒரு கடிதம். "அக்தெஸில் என் சித்தப்பா மகன் இதீர் மெக்கானிக், இதை அவனிடம் சேர்த்துவிடுங்கள்." இதீருக்கு ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. அவன் கம்பளக் கடைக்காரன். கடிதம் கொண்டுவந்த புண்ணியவானைக் கட்டிப்பிடித்து, நன்றிக்கு டீ கொடுத்து, மூன்றாவது கிளாஸ் முடிவதற்குள் ஒரு கம்பளத்தை அவர் தலையில் கட்டிவிடுவான். கடிதத்தை யாரும் படித்ததில்லை. அதில் வெங்காயம், தக்காளி என்று ஏதாவது கிறுக்கியிருப்பேன்.

இரண்டு வருடமாக நான் யோக்கியன். பைக்கில் சுற்ற வரும் கும்பல்களுக்கு முன்னால் வழிகாட்டிப் போகிறேன். "இந்த ரோட்டுத் தில்லுமுல்லு உங்க அளவுக்குத் தெரிஞ்ச ஆள் எனக்குக் கிடைக்கமாட்டான்" என்றுதான் மேடம் வேலைக்கே எடுத்தார். இந்த சீசன் முழுக்க ஒரு பயணிகூட ஏமாறாவிட்டால் வேலை நிரந்தரம். ஹம்மு இன்னும் அதே கணவாயில், அதே வெள்ளைக் காரோடு.

செப்டம்பர் 5, புதன்

பயணிகளுக்கான எச்சரிக்கைத் தாளை எழுதி முடித்தேன். பதினான்கு விதிகள். அவற்றில் ஒன்பது, நானே கண்டுபிடித்த தந்திரங்களுக்கு எதிரானவை. எழுதும்போது பெருமையாக இருந்ததை மறைப்பானேன்?

செப்டம்பர் 9, ஞாயிறு

இந்த சீசனின் முதல் கும்பல். எட்டு ஜெர்மன்காரர்கள். ஹெல்மெட்டைப் பைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு நகராதே என்று காலையில் சொன்னேன். பதினொரு மணிக்கு ஒருவர் மாட்டிவிட்டு நகர்ந்தார். டீ குடித்துவிட்டு வந்தால் கண்ணாடி இருக்கிறது, ஹெல்மெட் இல்லை. தெருமுனையில் தக்காளி விற்பவர் அதைத் தலையில் போட்டுக்கொண்டே தக்காளி விற்றுக்கொண்டிருந்தார். "வெயிலுக்கு நல்லாருக்கு தம்பி" என்றார். கேட்டதும் கழற்றிக் கொடுத்தார், பாவம்.

சாயங்காலம் இன்னொருவர் பைக்கைக் காவல்காரனிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். எந்தக் காவல்காரன்? மஞ்சள் அங்கி போட்டிருந்தானாம். உண்மையான காவல்காரர் மஞ்சள் அங்கியைக் கழற்றிச் சுவரில் காயப்போட்டுவிட்டுத் தொழப் போயிருக்கிறார். எவனோ அதை எடுத்து மாட்டிக்கொண்டு காசு வாங்கிவிட்டுப் போய்விட்டான். பைக்கைத் தொடக்கூட இல்லை. இந்தத் தந்திரம் எனக்கே தெரியாது. பதினைந்தாம் விதி: அங்கியைப் பார்க்காதே, ஆளைப் பார்.

கணவாயில் ஹம்மு இருந்தான். வழக்கம்போல் ஹாரனை இரண்டு முறை அடித்தேன். அவன் கல்லில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தான். இது என் மனைவி தூதா எங்கள் இருவருக்கும் செய்துவைத்த ஒப்பந்தம். இரண்டு ஹாரன் என்றால் என் கும்பல். ஹம்மு கை காட்டக்கூடாது. மற்ற எல்லாரும் அவனுக்கு. ஒரே வீட்டில் போலீஸும் திருடனும் சாப்பிட வேண்டுமென்றால் இப்படி ஏதாவது செய்துதான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 14, வெள்ளி

வெள்ளிக்கிழமைக் குஸ்குஸ் விருந்துக்கு ஹம்மு வந்தான். சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"தங்கச்சி, பூசணிக்காயை மாப்ளே பக்கம் தள்ளும்மா. யோக்கியர் சாப்பிடட்டும். எனக்கு வெறும் குழம்பு போதும்."

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க" என்றாள் தூதா.

"மூடிக்கிட்டு எப்படிம்மா திங்கிறது?"

இப்படித்தான் நாளெல்லாம். பதினோரு வருடம் ஒரே காரில் உட்கார்ந்து வெயிலில் காய்ந்தவர்கள். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. இவன்தான்.

சட்டையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் வேர்த்து விறுவிறுத்த மாதிரி தெரியும் என்ற யோசனை என்னுடையது. அதை இன்னமும் செய்கிறானாம். "உன் பேரைச் சொல்லித்தான் தெனம் ஊத்திக்கிறேன்" என்றான்.

செப்டம்பர் 18, செவ்வாய்

நான் ஒரு மடையன்.

எச்சரிக்கைத் தாளில் முதல் விதி 'திறந்த பானெட்டுக்கு நிற்காதே'. படம் இல்லாமல் யார் படிப்பார்கள் என்று மேடம் கேட்டார். கைபேசியில் ஒரு படம் இருந்தது. வெள்ளைக் கார், நம்பர் பலகை, பக்கத்தில் ஹம்முவின் பாதி முகம். போட்டுவிட்டேன். ஜெர்மன்காரர்களில் ஒருவர் அதை இணையத்தில் ஏற்றியிருக்கிறார். இப்போது நான்கு மொழிகளில் ஓடுகிறது. மூன்று நாளாக ஹம்முவுக்கு ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

கொட்டகையில் பைக் செயின்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். வந்து நின்றான்.

"மாப்ளே, என் மூஞ்சியப் பாரு."

"பாக்குறேன்."

"நல்லாப் பாரு. ஜெர்மனில இருக்கிறவனெல்லாம் பாத்துட்டான். நீ பாக்க வேணாமா?"

"பாதி முகம்தானே மச்சான் போட்டேன்..."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "போலீஸ்காரன் நம்மள எத்தனை தடவை புடிச்சான்? ஒரு தடவையாவது உன் பேரைச் சொல்லியிருப்பனா? வீட்டு மாப்ளே, என் வயித்துல அடிச்சிட்டே. இனிமே உன் ஹாரனும் வேணாம், ஒப்பந்தமும் வேணாம். எவன் வந்தாலும் கை காட்டுவேன். உன் கும்பலுக்கும்தான் காட்டுவேன். முடிஞ்சா தடுத்துக்க."

படத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். அதற்குள் போய்விட்டான். வீட்டுக்கு வந்தால் தூதாவுக்கு விஷயம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"எங்கண்ணன் திருடன்தான். ஊருக்கே தெரியும். ஆனா அவன் யாரையும் காட்டிக்குடுத்ததில்லை. என்ன மனுஷன் நீங்க?"



செப்டம்பர் 19, புதன்

தூதா பேசவில்லை. ரொட்டி மட்டும் வந்தது.

செப்டம்பர் 23, ஞாயிறு

வர்ஸாஸாத்தில் புதுக் கும்பல். பெல்ஜியக்காரர்கள், ஏழு பைக். நாளைக்குக் கணவாய்.

அவர்களில் மார்லீன் என்று ஒரு அம்மா. அறுபத்து மூன்று வயது, தனியாக வந்திருக்கிறார். முப்பத்தாறு வருடம் தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் விதிகளை வாசித்தபோது மற்றவர்கள் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள். இவர் மட்டும் கை தூக்கினார்.

"முதல் விதி. நிஜமாவே வண்டி கெட்டுப்போனவங்க என்ன பண்ணுவாங்க?"

"அந்தச் சாலையில நிஜமா யாருக்கும் கெட்டுப்போகாதும்மா."

"யாருக்குமேவா?"

"நான் பதினோரு வருஷம் அங்க நின்னிருக்கேன்" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, "இது கம்பெனி உத்தரவு" என்றேன். குறித்துக்கொண்டார். இந்த அம்மாவால் எனக்கு ஏதோ வரப்போகிறது.

செப்டம்பர் 24, திங்கள், மாலை, ஆஸ்பத்திரி வராந்தா

 நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

பதினொன்றரைக்குக் கணவாயின் உச்சிக்கு வந்தோம். வெள்ளைக் கார் நின்றது. பானெட் திறந்திருந்தது. நான் ஹாரனை இரண்டு முறை அடித்தேன். ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று தெரியும். இருந்தாலும் அடித்தேன், சமாதானத்துக்குத்தான். அவன் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினான். ஆட்டினான். ஒரு கை மட்டும். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. என்னிடமேவா? என் தந்திரத்தையே என் கும்பலிடமேவா? வாயைத் திறந்து ஏதோ கத்துகிற மாதிரி இருந்தது. என்னமா நடிக்கிறான் என்று நினைத்தேன். நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுப் போனேன். ஆமாம். நாக்கைத் துருத்தினேன். எழுதி வைக்கிறேன், கிடக்கட்டும்.

அக்தெஸில் டீக்கடை முன் எண்ணினேன். ஆறு பைக். மார்லீன் இல்லை. கடைசி ஆளாக வந்துகொண்டிருந்தார். அரைமணி நேரம் பார்த்தேன். தேடிப் போனால், அவருடைய பைக் இதீரின் கம்பளக் கடை வாசலில் நிற்கிறது. போச்சு. ஹம்மு சொன்னபடி செய்துவிட்டான். நிரந்தர வேலையும் போச்சு. வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொல்லிக்கொண்டே உள்ளே போனேன்.

டீ ஆறிக் கிடந்தது. மார்லீன் உட்காரவில்லை. மேசைமேல் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு நின்றார். இதீர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"வா மாப்ளே. உன் ஆளு தபால்காரியாமே. கடிதத்தைப் பிரிச்சுப் படி, கையெழுத்துப் போடுங்கிறா. படிக்காம டீயைத் தொடமாட்டாளாம். கால்மணி நேரமா உசிரை வாங்குறா."

"அந்த மனுஷனுக்கு உடம்பு சரியில்லை, வாந்தி எடுக்கிறார்னு சொல்றேன். 'ஆமா மேடம், ரொம்ப மோசம் மேடம், உக்காருங்க மேடம்'கிறார். காதிலயே வாங்கலை" என்றார் மார்லீன்.

நான் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். இது நாடகம், அதில் வெங்காயக் கணக்குதான் இருக்கும், வேண்டுமானால் நானே காட்டுகிறேன் என்று. இதீரின் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை உருவினேன். ஒரு பக்கம் வெங்காயம், தக்காளி. என் கையெழுத்து. முன்பு எழுதி வைத்த கடிதங்களில் மிச்சமிருந்த காகிதம். திருப்பினேன். பின்பக்கத்தில் கோணல் மாணலாக மூன்று வரி.

'இதீர், இது நாடகம் இல்லை. கையில் தேள் கொட்டிவிட்டது. மாப்ளையை அனுப்பு.'

மாப்ளையை அனுப்பு. நாக்கைத் துருத்திக்கொண்டு போனவனைத்தான் கேட்டிருக்கிறான். டாக்டரைக் கேட்கலை, தங்கச்சியைக் கேட்கலை.

இதீரின் வேனில் பறந்தோம். மார்லீன் கடிதத்தோடு கிளம்பும்முன் ஹம்முவை நிழலுக்கு இழுத்துப் போட்டு, தன் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்திருந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வலது கை வீங்கியிருந்தது. கார் உருளாமல் இருக்க டயருக்குக் கல் வைப்போம். அதுவும் நாடகத்துக்குத்தான், பார்த்தால் நிஜம்போல் இருக்கும். அந்தக் கல்லைத் தூக்கியிருக்கிறான். அடியில் கறுப்புத் தேள்.

அங்கே கைபேசிக்குச் சிக்னல் எடுக்காது. எடுக்காத இடம் வேண்டும் என்று தேடிப் பிடித்ததே நாங்கள்தான். எடுத்தால் வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் பேசி உதவி வரவழைத்துவிடுவார்களே, கடிதம் எதற்கு?

வேனைவிடக் கார் வேகம். பானெட்டைச் சாத்தி, சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அந்தக் காருக்கு என்றைக்குமே ஒன்றும் ஆனதில்லை. பின்சீட்டில் இதீர் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். நான் ஓட்டினேன். டேய் மச்சான், டேய் மச்சான் என்று கத்திக்கொண்டே ஓட்டினேன். செத்துகித்துப் போயிடாதடா. தூதாவுக்கு நான் என்னடா சொல்லுவேன்? எனக்கு நான் என்ன சொல்லிக்கிறது?

ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் வர்ஸாஸாத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதயத்தைக் கவனிக்கிறார்களாம். தூதா உள்ளே இருக்கிறாள். என்னை உள்ளே விடவில்லை. விடாதது ஆஸ்பத்திரி இல்லை, அவள்.

செப்டம்பர் 25, செவ்வாய்

பிழைத்துவிட்டான். டாக்டரே வந்து சொன்னார். வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். துடைப்பக்காரம்மா காலைத் தூக்கச் சொன்னார். தூக்கிக்கொண்டு அழுதேன்.

மத்தியானம் தூதா கதவைத் திறந்தாள். "உங்களைக் கூப்பிடுறான்" என்றாள்.

நான் கேட்டேன்: "கார் நல்லாத்தான் இருக்குன்னு அந்த அம்மாகிட்ட சொல்லியிருந்தா, அவங்களே உன்னை ஓட்டிக்கிட்டுப் போயிருப்பாங்களே மச்சான்?"

"பிரெஞ்சுல 'வண்டி கெட்டுப்போச்சு'ன்னு மட்டுந்தான்டா எனக்குச் சொல்லத் தெரியும். 'வண்டி நல்லாருக்கு, நான்தான் கெட்டுப்போயிட்டேன்'னு எவன் சொல்லிக்குடுத்தான்?"

சிரித்துவிட்டேன். தூதாகூடச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"ரொட்டி லாரிக்காரன் போனான். பால்காரன் போனான். பள்ளிக்கூட வாத்தியார் போனார். எல்லாரும் கை ஆட்டிட்டுப் போனாங்க. அவங்களை விடு, அவங்க அன்னியம். நீ ரெண்டு தடவை அடிச்சே. எனக்குக் கேட்டுது."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். 

செப்டம்பர் 27, வியாழன்

ஹம்மு என்னோடு இன்னும் பேசவில்லை.

செப்டம்பர் 30, ஞாயிறு

பெல்ஜியக்காரர்கள் கிளம்பினார்கள். மார்லீன் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய் ஹம்முவிடம் கையெழுத்து வாங்கினாராம், கடிதம் ஒழுங்காகச் சேர்ந்தது என்று. இடது கையால் கிறுக்கிக் கொடுத்தானாம். பிறகு நேரே இதீர் கடைக்குப் போய் ஒரு கம்பளம் வாங்கியிருக்கிறார். இதீர் காசு வேண்டாம் என்று காலில் விழாத குறை. அவர் விடவில்லை.

சாயங்காலம் புஷ்ரா மேடம் தொலைபேசியில்.

"ஸைத், அந்தம்மா கம்பளம் வாங்கினாங்களா இல்லையா?"

"வாங்கினாங்க மேடம். அவங்களாத்தான் போய்..."

"ஏமாந்தாங்களா இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க."

"அன்னிக்கு ஏமாந்தது நான் ஒருத்தன்தான் மேடம்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. அதே மூச்சில் சொல்லிவிட்டேன், தாளிலிருந்து முதல் விதியை எடுத்துவிட்டேன் என்று. குதித்தார். இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்பார்களாம். ஒவ்வொரு பானெட்டுக்கும் நின்றால் பயணிகள் எல்லாரும் கம்பளத்தோடு ஊருக்குப் போவார்கள் என்றார்.

"போகட்டும் மேடம். கம்பளம் வாங்கி யாரும் செத்ததில்லை."

"அப்ப இந்த வேலை உங்களுக்கு வேணாமா?"

"அந்த விதியோட வேணாம்."

வைத்துவிட்டார். அடுப்பங்கரையிலிருந்து தூதா எட்டிப் பார்த்தாள். "டீ போடட்டுமா?" என்றாள். பன்னிரண்டு நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

அக்டோபர் 8, திங்கள்

வேலை நிரந்தரம் இல்லை. போகவும் இல்லை. வசந்தம்வரைக்கும் பார்ப்போம் என்கிறார் மேடம். விதிகள் பதினான்காக அச்சாகி வந்திருக்கின்றன. ஒன்று குறைந்து ஒன்று கூடியதில் எண்ணிக்கை பழையபடியே நிற்கிறது.

ஹம்மு வீட்டுக்கு வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை குஸ்குஸுக்கு வந்தான். தட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டான். தங்கச்சியோடு பேசினான். பூனையோடு பேசினான்.

அக்டோபர் 17, புதன்

வர்ஸாஸாத் ஆஸ்பத்திரிக்கு ஹம்முவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போய் வந்தேன். வலது கை விரல்கள் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன. அதனால் அவன் காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். போக எழுபது கிலோமீட்டர், பேச்சில்லை. திரும்பும்போதும் அப்படியே. வானொலி போட்டேன். அணைத்தான்.

கணவாயில், எங்கள் பழைய இடத்தில், ஒரு பச்சைக் கார். பானெட் திறந்திருக்கிறது. தொந்தியும் தொப்பியுமாக ஒரு நடுவயது ஆள் கை காட்டினார். எங்கள் உள்ளூர் நம்பர் பலகையைப் பார்த்ததும் கையை மெல்ல இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். இந்தப் பக்கத்து ஆள் இல்லை. இடம் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருக்க வேண்டும்.

நிறுத்தினேன். ஹம்மு என்னைத் திரும்பிப் பார்த்தான்.  இறங்கினேன்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி" என்று அவர் நெளிந்தார். "சும்மா... வண்டி ஆறட்டும்னு... நீங்க கிளம்புங்க, நேரமாவுது."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? உடம்புக்கு?"

"எனக்கென்ன? நல்லாருக்கேன்." கேள்வி அவருக்குப் பிடிபடவில்லை. நான் போலீஸோ என்றுகூட நினைத்திருப்பார். ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஹம்மு இறங்கி வந்தான். மரத்த கையை இடுப்பில் செருகிக்கொண்டு பச்சைக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். டயரைப் பார்த்தான், பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான், நல்ல காரை இப்படித் திறந்து வெயிலில் போட்டிருக்கிறாயே என்று திட்டினான். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தான். தொந்திக்காரர் எல்லாவற்றுக்கும் பயந்து பயந்து பதில் சொன்னார். எங்கள் காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தான்.

"இங்க கைபேசி எடுக்காது, தெரியும்ல?"

"தெரியும்ண்ணே. அதுக்குத்தானே..."

"அதுக்குத்தான். சரி. ஏதாவது ஆச்சுன்னா இந்தக் கார் வரும். இல்லேன்னா முன்னால ஒரு பைக், பின்னால ஏழெட்டுப் பைக்னு ஒரு கும்பல் வரும்." என் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினான். "இவன் என் தங்கச்சி புருஷன். கை காட்டினா நிப்பான்."

தொந்திக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஹம்மு காரில் ஏறிக்கொண்டு, "வண்டிய எடு மாப்ளே" என்றான்.